ஏழாவது பட்டை

முற்றத்தில் கட்டிக்கொண்டிருந்த தேர்ப்பாடையைப் பார்க்க அழகாயி வெளியே வந்ததும் தப்படித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். புருஷனைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது பெண்டாட்டி முற்றத்துக்கு வருவது வழக்கமில்லை.

"நிப்பாட்டாதீங்கப்பா, நல்லா அடிங்க. மனுஷன் பூட்டப் பிள்ளையக் கண்டுட்டுத்தான் போயிருக்காரு," என்றாள்.

தப்பு மறுபடி முழங்கியது. கல்யாணச் சாவுதானே. முதல் நாள் மத்தியானம் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாய்மனைக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியவர் பொன்னுத்துரை. தேத்தண்ணியோடு எழுப்பப் போனால் ஆள் இல்லை. இப்படி ஒரு சாவு யாருக்கு வாய்க்கும்? காலையிலிருந்து வந்தவர்கள் அழுததைவிட, அவர் கதைகளைச் சொல்லிச் சிரித்ததுதான் அதிகம்.

தேரின் முன்னால் மூங்கில் வளைவு. அதில் மகன் துஷ்யந்தன், வெசாக் பண்டிகை விளக்குக் கூட்டுக்கு ஒட்டும் மெல்லிய கலர்க் கடதாசியால் வானவில் ஒட்டியிருந்தான். அது அப்பாவின் ஆசை. அழகாயி விரல் நீட்டி எண்ணினாள்.

"ஆறுதான் இருக்கு."

"கருநீலம் கெடைக்கலம்மா. டவுன் முழுக்கத் தேடியாச்சு. நீங்களே ஆறுன்னுதானே சொல்லுவீங்க?"

சொன்னாள்தான். கல்யாணமான வருசம் தொடங்கிய சண்டை அது. மழை விட்டு மலைப் பக்கம் வெயில் அடித்தால் போதும், பொன்னுத்துரை அவளை அடுப்படியிலிருந்து இழுத்துவந்து வானத்தைக் காட்டுவார். அதனால் அடிப்பிடித்த சோறு கொஞ்சமா?

"நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவுல பாரு. கருநீலம் தெரியல?"

"நீலம் முடியுது, ஊதா தொடங்குது. நடுவுல என்னா இருக்கு? புடவைக் கடையில நிக்கிற ஆளுக்கு ஒரே நீலம் ரெண்டாத்தான் தெரியும். அப்பதானே யாவாரம்!"

அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். "நான் போறப்ப தேர்ல ஏழும் இருக்கணும், சொல்லிட்டேன்."

"ஆறுதான் ஒட்டுவேன். எந்திரிச்சு வந்தா கேக்கப்போறீங்க?"

இப்போது ஆறு ஒட்டியாகிவிட்டது. எழுந்து வந்து கேட்க ஆளில்லை. அழகாயி ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்த வெற்றி அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"ஏழும் வேணும். இல்லாட்டி தேரத் தூக்க விடமாட்டேன்."

"பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணும்மா," என்று மகள் நிரஞ்சனி கெஞ்சினாள். அழகாயி அசையவில்லை.

செய்தி போய், கடதாசிக் கடை அப்துல் ஸமத் கையில் அகப்பட்டதையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். பொன்னுத்துரையின் பழைய கூட்டாளி அவர். அழகாயி ஒவ்வொரு தாளாக வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதே நீலம், அதே ஊதா.

"கருநீலம்ண்டு ஒண்டு செய்யிறதே இல்ல போல, தங்கச்சி."

"கடதாசி செய்யிறவனும் என் கட்சிதான், ஸமத் நானா," என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாள்களை ஒன்றாகச் சேர்த்து அவரிடம் நீட்டினாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

நீலத்தாளின் ஓரம் ஊதாத்தாள்மேல் ஏறிக் கிடந்தது. வெயில் இரண்டையும் ஊடுருவி வந்த அந்த இடத்தில், நீலமும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஆழமாக ஒரு கலர்.

"அட பாவி மனுஷா," என்றாள் அழகாயி. "இவ்வளவு நாளும் இங்கயா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

ஊதாவைக் கழற்றச் சொன்னாள். நீலத்தின்மேல் இரண்டு விரல் அகலம் ஏற்றி, தன் கையாலேயே பசை தடவி ஒட்டினாள். வளைவைத் தூக்கி நிறுத்தியதும் வெயில் பட்டது. ஸமத் உரக்க எண்ணி, "ஏழு!" என்று கத்தினார். தப்படித்தவர்கள் ஒரு குதி குதித்து அடியை மாற்றினார்கள். அழகாயி உள்ளே போய் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நிரஞ்சனி கேட்டதற்கு, "அது எங்களுக்குள்ள," என்றாள்.

தேர் புறப்பட்டது. பெண்கள் வாசல் படலையோடு நின்றுகொண்டார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் பக்கத்து வீட்டில்தான் எல்லோருக்கும் உலை வைத்திருந்தது. அங்கிருந்து அடிப்பிடிக்கும் வாசம் வந்தது.

"அம்மா, சோறு!" என்று நிரஞ்சனி ஓடினாள்.

அழகாயி திரும்பவில்லை. வளைவு திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.