வடகரைக்கு வந்த பழைய வீடுகள்

2013 ஜூன் பதினோராம் தேதி காலையில், பஞ்சர்மாசின் நகரத்து மார்த்தபுரா ஆற்றின் வடகரையில் ஒவ்வொரு மிதவை வீடும் நான்காக இருந்தது. 2001, 2005, 2009ஆம் ஆண்டுகளில் இருந்த அதே வீடுகள், அப்போதைய ஆட்களோடும் சட்டி பானைகளோடும் ஏற்றநீரில் மிதந்து வந்து, இப்போதைய வீட்டின் பக்கத்தில் வரிசை கட்டி நின்றன. மழை இல்லை. மீன் விலை முந்தின நாள் விலைதான். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்கும் கணக்கெடுப்புக்காரி மஸ்னியாவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பதில் சொன்னவர்கள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவள் வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில். 2007இல் வடகரைக்கு விட்ட பள்ளிப் படகை நிறுத்துவதற்காக ஜகார்த்தாவிலிருந்து ஹெர்லம்பாங் என்ற அதிகாரி வந்திருந்தார். படகில் போகும் பிள்ளைகள் இன்னமும் சாலையோரப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள், ஆகவே படகு வீண் என்பது அவர் கட்சி. படகு நின்றால் பிள்ளைகள் மறுபடி மீன் செதில் சீவ உட்கார வேண்டியதுதான்.

“நோஞ்சானைப் பயில்வான் பக்கத்துல நிறுத்தி அளந்தா எப்படி, ஐயா? அவனை அவனோடயே அளங்க. அதான் நாலும் வந்து நிக்குதே” என்றாள் மஸ்னியா.

ஹெர்லம்பாங் தன் விசைப்படகில் எழுதியிருந்ததை வாசிக்கும்படி அந்தந்த வருஷத்துப் பத்து வயசுப் பிள்ளைகளிடம் சொன்னார். 2001 வீடுகளில் சத்தமே இல்லை. 2005இல் ஒரு பையன் எழுத்துக் கூட்டினான். 2009இல் பாதிப் பேர் வாசித்தார்கள். 2013 வீடுகள் வாசித்தபோது ஆற்றில் காய் விற்கிற பெண்கள் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இந்த வீட்டு அப்பன்மாருக்குப் படிப்புல ஆசை இருந்திருக்கும்மா” என்றார் அவர்.

மஸ்னியா அவரை ஷஹ்ரானி என்பவரின் வீட்டுக்குப் பலகைமேல் நடத்திக் கூட்டிப்போனாள். நான்கு வீட்டிலும் நான்கு ஷஹ்ரானிகள், ஒரே கடுகடுப்போடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். “பொம்பளப் புள்ள படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போகுது?” என்று நான்கு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். 2013 வீட்டில் அவர் மகள் அதைக் காதில் வாங்காமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“இவரு நாலு வருஷத்துலயும் இதே ஆளுதான். மாறாததைக் கணக்குலேர்ந்து அடிச்சிடுங்க. மிச்சம் நிக்கிறதுல காரணத்தைத் தேடுங்க.”

“சரிம்மா, வருஷம் போகப்போக எல்லாக் கரையும்தான் முன்னேறும்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், படகே போகாத தென்கரையிலும் பழைய வீடுகள் வந்து சேர்ந்தன. அங்கேயும் வாசிக்கச் சொன்னார்கள். முதல் வருஷம் ஒருவரும் இல்லை, அடுத்து ஒரு குரல், அப்புறம் இரண்டு, கடைசியில் மூன்று.

ஹெர்லம்பாங் பொய்யர் இல்லை. வெகுநேரம் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப தென்கரைக்கும் ஒண்ணு விடணும்” என்றார். மஸ்னியா வெட்கத்தை விட்டு அழுதாள், அப்புறம் சிரித்தாள். வடகரை முழுக்கக் கைதட்டியது. நான்கு ஷஹ்ரானிகள் மட்டும் தட்டவில்லை.

2017இல் வீடுகள் ஐந்தைந்தாக வந்தன. அவற்றைக் கட்டிவைக்க நகராட்சி முன்கூட்டியே கூடுதல் கம்பங்கள் நட்டு வைத்திருந்தது. தென்கரையில் மஸ்னியா கேள்வித்தாளை விரித்ததும், ஐந்தாவது வீட்டிலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை உரக்க வாசித்துவிட்டாள். மஸ்னியா பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.