மேருவில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே

கிள்ளானை அடுத்த மேருவில் உணவு டப்பாக்கள் செய்யும் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குள், பிற்பகல் இரண்டு மணி மூன்று மணியாக ஐந்து மணி நேரம் ஆகும். வாசலில் நிற்கும் காவலாளிக்கு அது ஒரு மணி நேரம்தான். உள்ளே இயந்திரங்களின் அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் தேனில் விழுந்த எறும்பைப் போல நகரும். கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக விழும் வெயில் தரையில் அப்படியே நிற்கும். காலையில் மழித்துக்கொண்டு வந்த ஆண்கள் தாடி முளைத்து வீடு திரும்புவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வதுபோல் சொல்லிவிடுவார்கள்.

தாமரை அங்கே பதினான்கு வருடங்களாக டப்பாக்களை அடுக்கிக் கட்டும் பிரிவில் இருந்தாள். அவளுடைய இரட்டைப் பிறவி மாதவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமரை அந்தக் கடைக்குப் போனபோது, வாடிக்கைக்காரப் பெண்மணி ஒருவர் இருவரையும் பார்த்துவிட்டு மாதவியிடம், “இவங்க உங்க பெரியக்காவா? ஒரே ஜாடை லா” என்றார். மாதவி புடவை மடிப்பதில் மும்முரமானாள். தாமரை சிரித்தாள். கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகத்தை ஷா ஆலாம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த முகத்தின் சில வருடங்களை எந்த நாட்காட்டியிலும் காணமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை தொழிற்சாலைக்கு எதிரே ரொட்டி சானாய்க் கடையில் ரம்லத் உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் டயர்க் கடை மாடியில் இருக்கும் தொழிற்சங்க அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து, சங்கத்தில் சேரும் படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போவது அவர் வேலை. தாமரை அதுவரை அந்தப் படிவங்களை அலமாரித் தட்டுகளில்தான் விரித்திருந்தாள். அன்று நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“கையெழுத்து போட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?”

“சேந்ததுக்காகத் தூக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குக்கா. மீறித் தூக்குனா கேஸ் போட நாங்க இருக்கோம். நீங்க தனியா போய் நிக்க வேணாம்.”

“ரெண்டு மணி சமாச்சாரத்த இதுல எங்க எழுதுறது?”

ரம்லத் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். “இதுல எடம் இல்லக்கா. பேரு, ஐசி நம்பர், எந்த டிபார்ட்மென்ட், மாசச் சந்தா, அவ்வளவுதான். மொதல்ல ஆளுங்க சேரட்டும். அப்புறம் ஒப்பந்தத்துல எழுத வைக்கலாம்.”

தாமரை கையெழுத்திட்டாள். நான்கு மாதங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். நேப்பாளத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். சங்கம் தன்னை அங்கீகரிக்கும்படி கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. கம்பெனி மறுத்தது. அதே வாரத்தில், கடிகாரத்தைப் பற்றிப் பொய் பரப்பியதற்காக உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தாமரைக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. விசாரணை அன்று ரம்லத் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விசாரித்த மேலாளர் திருச்செல்வம் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய அறை இயந்திரக் கூடத்துக்கு வெளியே இருந்தது.

“பாஸ், நீங்க ரெண்டுலேந்து மூணு வரைக்கும் உள்ள இருந்திருக்கீங்களா?” என்று ரம்லத் கேட்டார்.

“அது என்னோட லஞ்ச் டைம்மா.”

“இன்னிக்கு மட்டும் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

திருச்செல்வம் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். ரம்லத் ஒரு தே தாரிக் குடித்தார், இரண்டு போன் பேசினார். மூன்று மணிக்கு வெளியே வந்த மேலாளரின் தாடை கறுத்திருந்தது. கால் வீங்கி, காலணிகளைக் கையில் பிடித்திருந்தார். அங்கிருந்த பிஸ்கட் முழுவதையும் நின்றபடியே தின்றார். பிறகு தாமரையின் முகத்தை முதல்முறையாகப் பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார். “பதினாலு வருஷமா?” என்று கேட்டார். கடிதத்தை அவரே கிழித்தார்.

ஆனாலும் கம்பெனியின் மேலிடம் இறங்கி வரவில்லை. சங்கம் அரசின் தொழிலுறவுத் துறைக்குப் போனது. துறை ரகசிய வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. அதிகாரிகள் வாக்களிக்க ஒதுக்கியிருந்தது இயந்திரக் கூடத்துக்குள் இரண்டிலிருந்து மூன்று மணி வரை என்பதால் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் வாக்குச்சீட்டை மடியில் வைத்து, வேண்டுமட்டும் யோசித்து, பெட்டியில் போட்டார்கள். சிலர் யோசிக்கும்போதே பழைய நண்பர்களைக் கனவில் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பேரில் நூற்று எழுபத்தொரு பேர் சங்கம் வேண்டும் என்றார்கள். அதிகாரி ஒருவரின் நகங்கள் வளர்ந்திருந்தன. அதை அறிக்கையில் எழுதத் தலைப்பு இல்லாததால் அவர் எழுதவில்லை.

பேச்சுவார்த்தை பதினோரு மாதங்கள் நடந்தது. மருத்துவ விடுப்பு, இயந்திரத்தில் கை சிக்காமல் தடுக்கும் மூடி, வேலை நீக்கத்துக்கு முன் முறையான விசாரணை எல்லாம் கூட்டு ஒப்பந்தத்தில் ஏறின. கடைசி ஷரத்துதான் இழுத்தது. மணியை நேராக்க யாருக்கும் வழி தெரியவில்லை. முடிவில், கூடுதலாக இருக்கும் நான்கு மணி நேரத்தில் மூன்றரை மணி தொழிலாளர்களுக்குச் சொந்தம், அரை மணி இயந்திரம் துடைக்க என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டன.

முதல் நாள் இயந்திரங்கள் நின்றபோது, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாமரைதான் முதலில் அட்டை ஒன்றை விரித்துப் படுத்தாள். வெளியே அந்த நேரமே கிடையாது என்பதால் எந்தப் போனும் ஒலிக்கவில்லை. யாரும் யாரையும் தேடவில்லை. இரண்டு நேப்பாளிகள் மெதுவாகப் பாடினார்கள். அசையாத வெயிலில் தூசி மிதந்தது. தாமரை கனவில்லாமல் தூங்கினாள்.

இப்போது தினமும் இரண்டு மணிக்குச் சற்று முன்பு திருச்செல்வமும் ஒரு சிறிய தலையணையுடன் உள்ளே வருகிறார். மேலாளர்கள் அந்தச் சங்கத்தில் சேர முடியாது, ஒப்பந்தத்தில் அவருக்கு இடமும் இல்லை. தாமரை தன் அட்டையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறாள். யாரும் அவரை எழுப்புவதில்லை.