கரிச்சான் வரும் என்று யாரும் சொல்லவில்லை

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டுக்குள் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நான் ஒருத்தன் மட்டும். மெக்கானிக் வந்து கதவை ஒரு சாண் திறந்தார். முதலில் அவருடைய பூட்ஸ் தெரிந்தது, மஞ்சள் கயிறு போட்டது. பிறகு குனிந்து எட்டிப் பார்த்தார். நெற்றியில் பிளாஸ்திரி.

"பயப்படாதீங்க சார், அஞ்சு நிமிஷம்."

"நெத்தில என்னங்க, வேலையில பட்டதா?"

"அட நீங்க வேற! குருவி கொத்திருச்சு சார்."

அவ்வளவுதான், எனக்குப் பயம் போய்விட்டது. அவர் வேலை செய்துகொண்டே கதையைச் சொன்னார். சரியான இடத்தில், "பெரிய மேடம் வாயைத் திறந்தாங்க சார், திறந்து..." என்கிறபோது லிஃப்ட் கிளம்பி என்னைக் கீழே கொண்டுபோய்விட்டது. நான் படியேறி ஓடி வருவதற்குள் மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். முடிவு இல்லாத கதையை வைத்துக்கொண்டு நான் திருதிருவென விழிக்கிறேன். இனி நீங்களும் விழிக்கலாம்.

2

எப்படித் தொடங்குவது?

சூரியன் பொன்னிறமாக எழ, பறவைகள் இனிமையாக

வேண்டாம். நடந்தது மொட்டை வெயிலில், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில்.

மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையேயான உறவு தொன்றுதொட்டு

இது பரிசளிப்பு விழாவில் மைக்கைப் பிடித்தவர் பேசுவது. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது.

இது போதும். வாய்க்காலுக்கும் பள்ளியின் பின்சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். புதர், உடைந்த குழாய், வளைந்துபோன ஒரு கூடைப்பந்துக் கம்பம். வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்காத அந்த இடத்துக்கு அறிவியல் டீச்சர் வாராவாரம் பிள்ளைகளைக் கூட்டிப்போவார். அவருடைய விதி ஒன்றுதான்: "என்ன வரும்னு சொல்ல மாட்டேன். எதையும் வரவழைக்கவும் மாட்டேன். உக்காந்து பார்ப்போம்."

பொரி போடக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது, சும்மா உட்கார வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உட்காருமா என்று கேட்பீர்கள். உட்கார்ந்தன. எந்த வெடிப்பில் அரணை குடியிருக்கிறது, கிழிந்த இறக்கைத் தும்பி எந்தக் குச்சியில் வந்து அமரும், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

ஆனால் அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியைக்கு, அதாவது பெரிய மேடத்துக்கு யோசனை. "வீட்டுல உள்ளவங்களையும் கூப்பிடுங்க. நானும் வந்து பார்க்கிறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

(பெரிய மேடத்தை முதலில் வில்லியாக எழுதினேன். பல்லைக் கடிக்க வைத்தேன், கையில் பிரம்புகூடக் கொடுத்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. "என் பையனுக்கு ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று தினமும் காலையில் வாசலில் நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குடையைக் கொடுத்துவிட்டேன்.)

3

அந்த வெள்ளிக்கிழமை அம்மாக்கள், அப்பாக்கள், இடுப்பில் தம்பி தங்கைகள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே வந்தது. உட்கார்ந்தார்கள். பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

காக்காகூட வரவில்லை, ஐயா! கத்தரிப்பூக் குடையின் கீழே பெரிய மேடம் நின்றுகொண்டேயிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் பக்கத்தில் இருந்த சின்னப்பெண், மெக்கானிக்கின் மகள், வகுப்பில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிறவள், காதோரம் கேட்டாள்:

"டீச்சர், அரணையாவது வந்திருக்கலாம்ல?"

"அதுக்கு இன்னிக்கு லீவு போலடி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த வாரம் இந்த நேரத்தில் இவர்களெல்லாம் பின்னங்களை வகுத்துக்கொண்டிருப்பார்கள், அரணை மட்டும் வெடிப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் என்று நினைத்தபோது அவருக்குத் தாங்கவில்லை.

அப்போது வாய்க்காலிலிருந்து ஒரு நீர்நாய் தலையைத் தூக்கி

இந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கும் மனசு கேட்கவில்லை, என்ன செய்வது? ஆனால் டீச்சருக்குத் தெரிந்தால் என் காதைத் திருகிவிடுவார்.*

* நீர்நாய்க்கு முன்னால் ஒரு மானையும் விட்டுப் பார்த்தேன். வளைந்த கம்பத்துக்குப் பக்கத்தில் அது அசட்டுத்தனமாக நின்றது.

அப்போதுதான் புதருக்குள் சீட்டி கேட்டது. தெளிவான, இழுத்து இழுத்துப் பாடும் சீட்டி. "குண்டுக்கரிச்சான்!" என்று வாலு கிசுகிசுத்தாள். வாய்க்கால் பக்கமிருந்து ஒரு குருவி சர்ரென்று வந்து கம்பத்தின் மேல் உட்கார்ந்தது. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, நிமிர்த்திய வால், அசல் வக்கீல். பதிலுக்குப் பாடியது பாருங்கள், அம்மாக்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். பெரிய மேடத்தின் குடை சரிந்தது.

"அடடே! இந்தச் சின்ன உடம்புக்குள்ள இவ்வளவு குரலா?"

டீச்சருக்குப் பறக்காத குறைதான். வகுப்பு பிழைத்தது!

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். புதருக்குள் கேட்ட பாட்டு ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி இருந்தது. அதே இழுப்பு, அதே இடத்தில் ஒரு கரகரப்பு. உயிருள்ள கரிச்சான் பாட்டை மாற்றிக்கொண்டேயிருக்கும். கம்பத்துக் குருவியோ அலகைத் திறந்து மூச்சு வாங்கியது, புதரின் மேல் பாய்ந்தது, திரும்ப வந்து உட்கார்ந்தது, மறுபடி பாய்ந்தது. டீச்சர் புதரின் அடியைப் பார்த்தார். மஞ்சள் கயிறு போட்ட ஒரு ஜோடி பூட்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

4

இங்கே நான் வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது, வகுப்பும் தப்பித்துவிடும். அப்படியும் ஒரு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் கரிச்சான், இல்லாத எதிரியைத் தேடிச் சாயங்காலம் வரைக்கும் அலைந்தது. கிழித்துவிட்டேன்.

"அண்ணே! போனை நிறுத்துங்க!"

டீச்சர் போட்ட சத்தத்தில் இடுப்புக் குழந்தைகள் திடுக்கிட்டன. புதருக்குள் கைகால் உதறல். கையும் களவுமாக மாட்டிய மெக்கானிக் எதையோ அழுத்தப் போக, பாட்டு நின்று, மூட்டுவலித் தைலத்தின் விளம்பரம் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது. அவர் எழுந்தார். கரிச்சான் நேராக வந்து நெற்றியில் ஒரு போடு போட்டது.

பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். மெக்கானிக் அசடு வழிய நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். எதுவும் வரலேன்னா வகுப்பு போயிடும்னு பாப்பா ராத்திரியெல்லாம் ஒரே அழுகை. அதான்..."

டீச்சருக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "வேற ஒரு ஆண் குருவி தன்னோட இடத்துக்கு வந்துருச்சுன்னு நெனச்சு பதறிப்போய் வந்திருக்குண்ணே. பாவம், கூட்டுல குஞ்சு இருந்தா அதையும் விட்டுட்டுத்தான் வந்திருக்கும்" என்றார். பிறகு பெரிய மேடம் பக்கம் திரும்பினார்.

"மேடம், இது தானா வரல. ஏமாந்து வந்திருக்கு. உண்மையைச் சொன்னா, இன்னிக்கு எங்க வகுப்புக்கு எதுவும் வரல."

கரிச்சான் கம்பத்தில் ஏறி, எதிரியை விரட்டிவிட்ட பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு முழுப் பாட்டுப் பாடியது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. பாடி முடித்துவிட்டு, உடைந்த குழாய்ப் பக்கம் பறந்து போனது.

பெரிய மேடம் வாயைத் திறந்தார். திறந்து...

5

லிஃப்ட் கிளம்பிவிட்டது.

என்ன சொல்லியிருப்பார்? "உங்க நேர்மை பெரிசுதான் டீச்சர், ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து கணக்கு." சொல்லக்கூடியவர்தான். "இனிமே தினமும் இந்த வகுப்பு!" என்று டீச்சரைக் கட்டிப்பிடித்திருப்பாரா? சர்க்கரை தூக்கல், எனக்கே திகட்டுகிறது. எனக்குப் பிடித்தது மூன்றாவது: குடையை மடக்குகிறார், நல்ல செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருகிறார், வாலுவிடம், "அது எங்கடி போச்சு?" என்று கேட்கிறார்.

ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அதை எழுதினால், நானும் புதருக்குள் ஒளிந்துகொண்டு போனை அழுத்துகிறவன்தான். பூட்ஸ் தெரிந்துவிடும்.

6

போன வாரம் லிஃப்டுக்கு எண்ணெய் போட மெக்கானிக் வந்தார். பிளாஸ்திரி போய்விட்டது, சின்னத் தழும்பு மட்டும். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, மேடம் கடைசில என்னதான் சொன்னாங்க?"

மனிதர் சிரிக்கிறார்! "டீச்சரோட விதி சார், என்ன வரும்னு சொல்லக் கூடாது. ஒரு கொத்து வாங்கினது பத்தாதா எனக்கு? வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் பின்கேட்டுல வந்து நீங்களே பாருங்க. ஆள் இருந்தா இருப்பாங்க, இல்லேன்னா இல்ல."

இன்று வெள்ளிக்கிழமை. இதைப் பின்கேட்டில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். மொட்டை வெயில். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒன்று, அங்கே யாருமே இல்லை. அல்லது ஒரு வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. கேட் கம்பியில் ஒரு குடை மாட்டியிருக்கிறது. என்ன நிறம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேட் பூட்டவில்லை. நீங்களே தள்ளிப் பாருங்கள். மெதுவாக.