மூன்று ராஜாக்கள் நாளில் ஒரு ஹேண்ட்பிரேக்

போன வருஷம், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று, அவர்களில் ஒருவரான கஸ்பார் ராஜா என் காரிலிருந்து இறங்கிப் பனியில் நடந்தே போனார். ராஜா வேஷம் கட்டியிருந்த ரொட்டிக்கடை போலிகார்ப் வழுக்கி விழுந்ததையும், கிரீடம் ஒரு பக்கம் தாடி ஒரு பக்கம் பறந்ததையும் சுவால்கி ஊரே பார்த்தது. ஊர்வலக் குதிரை சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், "இன்னிக்கும் ராஜா நடைதானா, அம்மணி?" என்கிறார்கள்.

தப்பு என் பச்சை வண்டிமேல் இல்லை. ஐம்பத்தாறு வயதான அதற்குக் குளிர்காலத்தில் ரேடியேட்டர் முன்னால் ஓர் அட்டையைச் சொருகிவைப்பேன். இல்லையென்றால் எஞ்சின் சூடேறாமல் இருமி இருமி நின்றுவிடும். கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த அட்டையை எனக்குத் தெரியாமல் யாரோ உருவிவிட, பாதி ஊர்வலத்தில் வண்டி நின்றது. மறுநாள் அது லுட்விக் ஐயா வீட்டுக் குப்பைத்தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தது. லுட்விக் ஐயா எங்கள் பழங்கார் சங்கத் தலைவர், ஒட்டகநிறக் கோட்டுக்காரர். அவரா திருடுவார் என்று யாரும் நம்பவில்லை. ஊர்வலத்தின் முதல் இடம் அவருடைய கறுப்பு வண்டிக்குப் போனது. அதைத் திரும்பப் பிடிக்காமல் சாவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

எங்கள் விதி இதுதான்: முந்தைய நாள் மதியமே வண்டிகள் மாதா கோவில் முன்னாலிருக்கும் சரிவில் நிற்க வேண்டும். ராத்திரி முழுக்க வெட்டவெளி. பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். காலையில் முதலில் கோவில் வாசலுக்கு வந்து சேரும் வண்டியில்தான் கஸ்பார் ஏறுவார்.

இந்த வருஷம் வண்டிகளை நிறுத்தும்போது அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னமா மின்னுது ஐயா உங்க வண்டி. பின்சக்கரத்துல மட்டும்தான் கொஞ்சம் கறை, பனி உருக ரோட்டுல தூவற உப்பு."

"எங்க?"

"உள்பக்கம். விடுங்க, நாளைக்கு பிஷப் குனிஞ்சா பாக்கப்போறாரு? என் வண்டிய பாருங்க, சேத்துல புரண்ட பன்னி மாதிரி இருக்கு. யார் கேக்கறா?"

"உங்க வண்டிய யாரும் கேக்க மாட்டாங்கதான், அம்மணி," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டில் வாளி வாங்கி வந்தார். வெந்நீர் ஊற்றிப் பின்சக்கரங்களைக் குளிப்பாட்டினார். பிறகு, சரிவாயிற்றே என்று, ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்தார். அந்தக் கரகர சத்தம் எனக்குக் கல்யாண வாத்தியம்போல் கேட்டது.

முப்பத்தோரு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவள் நான். உறைபனியில் நாங்கள் ஹேண்ட்பிரேக்கைத் தொடமாட்டோம். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுப்போம். ஈரமான பிரேக்கை இழுத்துவைத்தால் விடிவதற்குள் சக்கரத்தோடு ஒட்டி ஒரே இரும்பாகிவிடும். சூடேற்றிய கராஜிலேயே வண்டி வளர்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? நான் பொய் சொல்லவில்லை. கறை இருந்தது.

காலையில் மைனஸ் இருபத்தேழு. என் மூச்சு கீழே விழுந்து உடைந்தது. ஆளாளுக்கு பேட்டரியைக் கம்பளியில் சுற்றி, ஞானஸ்நானத்துக்குக் குழந்தை கொண்டுவருவதுபோல் அணைத்து வந்தார்கள். மற்ற வண்டிகள் இருமிக்கொண்டிருக்க, லுட்விக் ஐயாவின் வண்டி மட்டும் முதல் சாவியிலேயே உறுமியது. தொப்பியைத் தூக்கி எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு கியரைப் போட்டார்.

வண்டி முட்டையிடும் கோழிபோல் பின்பக்கம் தாழ்ந்து, முனகி, அணைந்தது. மறுபடி உறுமியது, மறுபடி அணைந்தது. ஐந்தாவது தடவையில் பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரோ சக்கரத்த கட்டிப்போட்டிருக்காங்க," என்றார் லுட்விக் ஐயா.

"பனி கட்டிப்போட்டிருக்கு. பிரேக் டிரம்மத் தட்டினா விட்டுடும். எங்க, எப்படித் தட்டணும்னு எனக்குத் தெரியும். மரச்சுத்தியலும் இருக்கு," என்றேன்.

"அப்ப தட்டுங்க, அம்மணி."

நான் என் வண்டிமேல் சாய்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டேன். "போன வருஷம் என் அட்டைய எடுத்தது யாரு?"

"என்ன அட்டை?"

"சரி. டீ நல்லா சூடா இருக்கு."

போலிகார்ப் குளிரில் குதித்துக்கொண்டே கத்தினார்: "சொல்லித் தொலைங்க ஐயா, தாடி உறையுது."

லுட்விக் ஐயா தன் பூட்ஸைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"பஸ் எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து காது போச்சு, ஐயா. கொஞ்சம் சத்தமா."

"நான்தான் எடுத்தேன். போதுமா?" கோவில் மணிக்கே கேட்டிருக்கும். கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

சொன்ன சொல் தவறக்கூடாதே. கீழே படுத்து இடது சக்கரத்தை மூன்றே தட்டில் விடுவித்தேன். எழுந்து சுத்தியலை அவர் கையில் கொடுத்தேன்.

"வலதும் இதே மாதிரிதான். பொறுமையா தட்டுங்க."

என் பச்சை வண்டி ஒருமுறை செருமிவிட்டுக் கிளம்பியது. வாசலில் கஸ்பார் ஏறினார். "நடக்க விடமாட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். பின்னால் இரண்டு ராஜாக்கள், பிஷப், பாட்டுக்காரர்கள், அதற்கும் பின்னால் ஊர்.

கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினேன். ஒட்டகநிறக் கோட்டு பனியில் மல்லாந்து கிடந்து டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அம்மணி இவ்வளவு மெதுவா போறீங்க?" என்றார் ராஜா.

"ஊர்வலம்னா மெதுவாத்தான் போகணும்," என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.