இன்ஜின் ஓடும்போது கேட்ட பாட்டு

பெரியண்ணனை அவன் இவன் என்றுதான் சொல்லப் போகிறேன். வயதுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மரியாதை அந்த வண்டி பட்டறையை விட்டு வெளியே போன அன்றோடு தீர்ந்துபோயிற்று. யாருக்காவது பிடிக்கவில்லையென்றால் போகட்டும்.

வண்டிகளுக்கு ஃபைபர் கிளாஸில் ஸ்பீக்கர் கூடு செய்து பொருத்துவது எங்கள் தொழில். பெரியண்ணன் முதலாளி. சின்னண்ணன் வேலைக்காரன். கடைக்குட்டியான எனக்கு ரெசின் பசை கலப்பதும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும். அந்தத் தூள் தோலில் ஏறினால் எப்படி அரிக்கும் தெரியுமா? குளித்தாலும் போகாது, கும்பிட்டாலும் போகாது.

சின்னண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் இடது காது மந்தமானது. பிறகு வலதும் போயிற்று. வெளியில் தெரிந்தால் பிழைப்பில் மண். காது கேட்காதவனிடம் யார் ஸ்பீக்கர் பொருத்தக் கொடுப்பார்கள்? வீட்டில் சின்னண்ணிக்கும், பட்டறையில் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் கை இருந்ததே! பாட்டைப் போட்டுவிட்டு உள்ளங்கையைக் கூட்டின் மேல் வைப்பான். எங்கே நார் மெலிந்திருக்கிறது, எங்கே சரியாக ஒட்டாமல் கிர்ரென்று அதிர்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பான். நான் எதிரே நிற்பேன். சத்தம் சரியென்றால் கம்மலைத் தொடுவேன், சரியில்லையென்றால் மூக்கை. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வான். கூட்டுக் களவாணிகள் நாங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சத்தம் பார்க்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. வண்டியே அதிர்ந்தால் அவன் கைக்கு எது பாட்டு, எது இன்ஜின் என்று தெரியாது. வெளியாட்களிடம், "இன்ஜின் இரைச்சல்ல பாட்டு சரியா கேக்காதுங்க" என்று சொல்லிச் சமாளிப்பான்.

இந்த நேரத்தில்தான் பெரியண்ணனின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு எங்கள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தான். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஹெட்போன் தொங்கும். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டான். அவனைச் சின்னண்ணன் இடத்தில் உட்கார வைக்கப் பெரியண்ணன் துடித்தான். கூடப் பிறந்தவனைக் காரணமில்லாமல் விரட்டினால் சொந்தபந்தம் காறித் துப்பும் அல்லவா? காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்போது வந்தது அந்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. கொண்டுவந்தவர் கொளுத்தும் வெயிலிலும் தோல்கோட்டைக் கழற்றாத ஆசாமி, அதனால் நாங்கள் வைத்த பெயர் தோல்கோட்டு. பின்சக்கர மட்கார்டுகளின் மேல் பக்கத்துக்கொரு கூடு உட்கார வேண்டும், பார்த்தால் வண்டியோடு பிறந்த மாதிரி இருக்க வேண்டும் என்றார். பேசியதெல்லாம் பெரியண்ணனிடம்தான். செய்யப்போவது யார் என்று அவர் கேட்கவுமில்லை, இவன் சொல்லவுமில்லை.

சின்னண்ணன் மர வளையங்களைச் சரிவாக நிறுத்தி, மேலே துணியை இழுத்துக் கட்டி, ரெசின் தடவினான். துணி இறுகியதும் உள்ளே கண்ணாடி நார்ப் பாயை அடுக்கடுக்காக ஒட்டினான். நான் அவசரத்தில் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை அதிகமாக ஊற்ற, டப்பா புகைய ஆரம்பித்துவிட்டது. "யம்மா தாயே, பட்டறையக் கொளுத்திடாத!" என்று சிரித்தான். பிறகு பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தோம். அந்தக் கூட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

வண்டியை எடுத்துப்போகத் தோல்கோட்டு தன் கூட்டாளிகளோடு வந்தார். சத்தம் பார்க்க நான் வழக்கமான இடத்தில் போய் நின்றேன்.

"ஏய், பின்னாடி பிரஷ்ஷெல்லாம் காயுது. போய் தின்னர்ல ஊறப் போடு" என்றான் பெரியண்ணன்.

"சத்தம் பாத்துட்டுப் போறேனே."

"அதுக்குத்தான் இத்தனை பேரு இருக்கோமே. உன் காது என்ன தங்கக் காதா?"

போனேன். பிரஷ்ஷை டப்பாவில் முக்கியிருப்பேன், முன்னால் இன்ஜின் உறுமியது. கையில் தின்னர் சொட்டச் சொட்ட ஓடினேன்.

பாட்டுப் பெட்டியில் விளக்கு எரிந்தது, பாட்டின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுதான் இல்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாப்பிள்ளை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான். சின்னண்ணன் பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, இன்ஜின் ஓடுவதே தெரியாமல், அதன் அதிர்வில் நடுங்கும் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான்.

"எப்படிடா தம்பி இருக்கு?" பெரியண்ணன் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டான். அப்படியென்றால் எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான், பாவி!

"பேஸ் அருமையா வந்திருக்குண்ணா. மேல் சத்தம் மட்டும் கொஞ்சம் கூட்டலாம்."

கூட்டாளிகளில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். இன்னொருவன் சின்னண்ணன் முன்னால் வந்து குனிந்தான். "ஆடணும்போல இருக்கா?"

"பின்ன, இருக்காதா?" என்று சொல்லி, இன்ஜின் அதிர்வுக்கு ஏற்றபடி தலையை ஆட்டிக் காண்பித்தான் என் அண்ணன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை பிடித்துப்போய்ச் சிரிக்கிறார்கள் என்று அவனும் சேர்ந்து சிரித்தான்.

"அண்ணா! கைய எடு!" தொண்டை கிழியக் கத்திவிட்டேன்.

அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தெருவில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கியது. சின்னண்ணன் மட்டும் கூட்டைத் தடவிக்கொண்டு சிரித்தபடி இருந்தான்.

பெரியண்ணன் இரண்டு கையையும் விரித்தான். "நான் சொன்னா நம்பமாட்டீங்க. இப்ப இவளே நிரூபிச்சுட்டா."

என் நாக்கை அறுத்து எறிந்துவிடலாம் போலிருந்தது.

மாப்பிள்ளை அந்த வயரைச் சின்னண்ணனின் கண்ணெதிரே ஆட்டினான். சின்னண்ணன் வயரைப் பார்த்தான். சிரிக்கும் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எழுந்து வண்டிச் சாவியைத் திருகி அணைத்துவிட்டு, மறுபடி உள்ளங்கையைக் கூட்டின் மேல் வைத்தான். பாட்டுப் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, கூட்டில் ஒரு அதிர்வும் இல்லை. பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்து, பளபளப்பில் பதிந்திருந்த தன் கைத்தடத்தைத் துடைத்தான்.

"இனிமே தேய்க்கிற வேலைக்குப் போ. தங்கச்சிகூட உக்காந்து தேய். அதுக்குக் காது வேண்டாம்" என்றான் பெரியண்ணன், ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரியும்படி.

"கூடு செஞ்சது யாருன்னு சொல்லேன் பாப்போம்! வெக்கமா இல்ல உனக்கு?" என்றேன்.

"நீ வாய மூடு. வாசக் கதவு உனக்கும் தொறந்துதான் இருக்கு."

சின்னண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேய்க்கும் மூலைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பழைய கூடு கிடந்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மாப்பிள்ளை வயரை மாட்டினான். பாட்டு வந்தது. தோல்கோட்டு சத்தத்தை முழுக்க ஏற்றினார். தகரக் கூரை கிடுகிடுத்தது, மேசையில் ஸ்பேனர்கள் குதித்தன. கூட்டிலிருந்து ஒரு கிர் சத்தம் வரவேண்டுமே! ஊகூம்.

"அடேங்கப்பா!" என்று கத்தினார் தோல்கோட்டு. "யாரு செஞ்சதுங்க இது?"

"நான்தாங்க" என்றான் மாப்பிள்ளை. பெரியண்ணன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

சின்னண்ணனின் கண் மாப்பிள்ளையின் உதட்டில்தான் இருந்தது. படித்துவிட்டான். நான் ஆவேசமாக எழுந்தேன். மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான்.

"பாட்டு ஓடுதா?"

தலையாட்டினேன்.

"கூடு கிர்ருன்னு அதிராம இருக்கா?"

கம்மலைத் தொட்டேன்.

"அப்ப சரி" என்று தேய்க்க ஆரம்பித்தான். கொஞ்சம் தேய்த்துவிட்டு நிறுத்தினான். "அப்ப எல்லாரும் உன் பக்கம் திரும்பினாங்களே. என்னைக் கூப்பிட்டியா?"

தலையை நன்றாகக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன். என் உதடு அவனுக்குத் தெரியவில்லை.