வலப்பக்க இருக்கை

அங்கோனா ரயில் நிலையத்துக்கு எதிரே வாடகைக் கார் கொடுக்கும் கடை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: "ரெண்டாவதா ஓட்டறவங்க பேரையும் போட்டுடலாமா? அம்மாவும் ஓட்டுவாங்கதானே?"

"ஆமா" என்று சொல்ல நீவெஸ் வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய அம்மா அர்மீதா முந்திக்கொண்டாள்.

"வேண்டாம் கண்ணு. எனக்கு விடுமுறை. இவளே ஓட்டட்டும்."

மகள் திரும்பி அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கமாட்டாளா பின்னே? ரொவீகோ ஊரில் கார் ஓட்டுகிற பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அர்மீதா. கணவர் குவெர்ரீனோ கரும்பலகையில் சாலை விதி சொல்லிக்கொடுப்பார். இவள் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பயிற்சி வண்டியில், இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், வலப்பக்கம் உட்காரும் அர்மீதாவின் காலடியில் இன்னொரு பிரேக். கணவர் காலமாகி, அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை விற்ற பிறகும் அவள் தன் சின்னக் காரை விடவில்லை. சந்தைக்கும் போவாள், மாதா கோயிலுக்கும் போவாள். ஒன்றுமில்லாவிட்டால் போ என்கிற ஆற்றின் கரை வரைக்கும் சும்மா ஒரு சுற்றுப் போய் வருவாள். அப்படிப்பட்டவள், மலைப்பாதையில் ஓட்டலாம் வா என்று மகள் ஆசையாகக் கூட்டிவந்த இடத்தில், வேண்டாம் என்றால்?

உண்மை வேறு. பிப்ரவரியில் மருத்துவக் குழு அவளுடைய உரிமத்தைப் புதுப்பித்துத் தரவில்லை. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தால், யாரோ எண்ணெய்க் கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டுப் போனதுபோல ஒரு சாம்பல் கறை. ஓரங்களில் மட்டும்தான் உலகம் மிச்சமிருந்தது. மகளிடம், "வண்டி கிழடாயிடுச்சு, வித்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கண் விஷயம் தெரிந்தால் நீவெஸ் மறுநாளே வந்து, துணிமணிகளை மூட்டை கட்டி, மிலானில் தன் நாலாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயமும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பாதை பார்த்துச் சொல்கிறவள் என்பதைத் தவிர, மகளுக்குத் தான் வேறு என்னவாக இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளை நிறக் கார். நீவெஸ் ஏறி இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள். சாவியைத் திருகுவதற்கு முன் ஒரு விரலை உயர்த்தினாள்.

"அம்மா, ஒரே ஒரு நிபந்தனை. நான் ஓட்டறதப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா வண்டியத் திருப்பிக் குடுத்துட்டு அடுத்த ரயில்ல ஏறிடுவேன்."

"நான் எதுக்குப் பேசப்போறேன்? மூணு நாள் ஊமையா இருக்கேன், போதுமா?"

"உன்னால முடியாது."

"ஏன் முடியாது? உங்கப்பாகூட இருந்து பழகினவதான் நான்."

நீவெஸ் சிரித்துவிட்டாள். ஆனால் விரலை இறக்கவில்லை. காரணம் இருந்தது. பதினெட்டு வயதில் அவளும் அந்தப் பயிற்சி வண்டியில் உட்கார்ந்தவள்தான். ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், அவள் கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் அம்மாவின் கால் தொட்டுவிடும். ஒரு நாள் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். "நானா பிரேக் போட்டிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாமப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். பிறகு பதுவாவில் படிக்கப் போன இடத்தில் யாரிடமோ கற்றுக்கொண்டு உரிமம் வாங்கினாள். அதிலிருந்து, அம்மா ஏறிய வண்டியை அவள் ஓட்டியதே கிடையாது. இன்றைக்குத்தான் முதல் தடவை.

கடல் பின்னால் போயிற்று. குன்றுகள் வந்தன. அறுத்துப் போட்ட வைக்கோலின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே ஏறியது. அர்மீதாவின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடி விரிப்பை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. கடைசியில் கைப்பையை எடுத்துக் காலின்மேல் வைத்து, அதை உட்கார்த்தி வைத்தாள். கால் அடங்கிற்று. வாய் அடங்க வேண்டுமே.

"அடடா, இந்த ஓரத்துப் பாப்பிப் பூவெல்லாம் என்ன அழகு! இன்னும் கொஞ்சம் வலப்பக்கமா ஒட்டிப் போனா கையாலயே பறிக்கலாம்."

"அம்மா."

"பூவத்தானேடி சொன்னேன்."

கொஞ்ச தூரம் போனதும் ஒரு கிராமம் வந்தது.

"சின்ன ஊருதான். அம்பது வீடு இருக்கும்போல. பாரேன், அம்பதேதான். அறுபதுகூட இருக்காது."

"நான் எழுபதுல போறேங்கற."

"வீட்ட எண்றதும் தப்பா?"

அர்மீதாவுக்குப் பலகையில் இருந்த வேக எண் தெரியவே இல்லை. சிவப்பு விளிம்பு வைத்த வட்டம் ஓரக்கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஊர் தொடங்கும் இடத்தில் என்ன எண் இருக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்வாளே! இத்தனை மாதமாக அவளைக் காப்பாற்றி வருவது அதுதான். எது எங்கே இருக்கும் என்று தெரிந்தவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் குறைவு.

ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். நீவெஸ் அதை ஒட்டியே போனாள்.

"பாவம் அந்த லாரி. அதுக்கும் மூச்சு விட இடம் வேணுமில்ல" என்றாள் அர்மீதா, யாரிடமோ சொல்வதுபோல.

நீவெஸ் பல்லைக் கடித்தாள். ஆனால் சற்றுப் பின்வாங்கினாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "நீ திருந்தவே மாட்ட. உன்ன ரயில்ல ஏத்தறதுக்குப் பதிலா அந்த லாரியில ஏத்திடறேன், அவன் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடு."

"அவனுக்குத் தேவைதான். வளைவுல குறுக்க வெட்டறான்."

மதியம் சாலையோரச் சாப்பாட்டுக்கடையில் பரிமாறும் பெண் உணவுப் பட்டியல் அட்டையை நீட்டினாள். அர்மீதா அதை வாங்கி, சரியான தூரத்தில் பிடித்து, படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "நீ சொல்றதே எனக்கும்" என்றாள். ஆலிவ் காய்க்குள் கறி வைத்துப் பொரித்தது வந்தது. அம்மா தன் ருசியை நம்பிவிட்டாள் என்று நீவெஸுக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் மகளின் குரலில் கேட்டது; அர்மீதா அடுத்த ஆலிவை எடுக்காமல் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

அன்றிரவு ஒரு பண்ணை வீட்டில் தங்கினார்கள். காலையில் ரொட்டியும் காப்பியும் முடித்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பண்ணையிலிருந்து சரளைக்கல் போட்ட வெள்ளைப் பாதை ஏறிப் போய், மேலே தார்ச்சாலையோடு சேர்கிறது. சேர்வதும் நேராகச் சேரவில்லை. சரிந்து, கோணலாகச் சேர்கிறது. இவர்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டி நீவெஸின் முதுகுக்குப் பின்னால் இருந்துதான் வர வேண்டும். அங்கேயும் ஒரு புதர்வேலி ஆள் உயரத்துக்கு. எதிரே, மறைவில் வரும் வண்டியைக் காட்டும் வளைவுக் கண்ணாடி மாட்டும் கம்பம் மட்டும் நின்றது, கண்ணாடியைக் காணோம்.

நீவெஸ் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் வந்து நின்று, ஹாரன் அடித்தது. ஏற்றத்தில் கார் ஒரு முழம் பின்னால் நழுவியது. நீவெஸுக்கு வியர்த்தது.

"அம்மா, எனக்குத் தெரியல. உன் பக்கம் பாரு. வண்டி வருதா?"



மகள் கேட்டுவிட்டாள். முப்பது வருடமாக, வாயைத் திறக்காதே என்ற மகள், தானாகக் கேட்டுவிட்டாள். இந்த இருக்கையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூறு தடவை அர்மீதா சொன்ன சொல்தானே அது. 'வரலை, போ.' நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சாலையைப் பார்த்தாள். வேலியின் இலைகள் ஒவ்வொன்றும் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தன. சாலை இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கட்டைவிரல் கறை. தலையை அப்படி இப்படிச் சாய்த்தாள். கறையும் கூடவே சாய்ந்தது. சத்தத்தை வைத்தாவது சொல்லலாமென்றால், டிராக்டர் படபடவென்று காதை அடைத்தது.

அநேகமாக எதுவும் வராது. ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் காட்டுச் சாலையில் யார் வரப்போகிறார்கள்?

"அம்மா! வருதா இல்லையா?"

"தெரியலடி."

"என்ன தெரியல? மறைக்குதா?"

"மறைக்கல. எனக்குக் கண்ணு தெரியல." அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "நடுவுல தெரியல. ரெண்டு கண்ணுலயும். நான் சொல்றத நம்பிப் போயிடாத."

நீவெஸ் கைப்பிரேக்கை இழுத்தாள். வண்டி நின்றது. அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அந்தச் சாலையில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. போ என்று சொல்லியிருந்தால் போயே இருப்பார்கள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

டிராக்டர்காரர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். அறுபது வயது இருக்கும், வியர்வையில் ஊறின பனியன்.

"என்னம்மா, ஜெபமாலை உருட்டி முடிச்சாத்தான் கிளம்புவீங்களா? என் மாடுங்களுக்குப் பசிக்குது."

"அண்ணே, கொஞ்சம் பின்னால எடுங்க. வண்டிய நேராக்கணும்" என்றாள் நீவெஸ்.

"பின்னாலயா? இந்தப் பாரத்தோடயா? மாதாவே!" புலம்பிக்கொண்டே போனார். ஆனாலும் எடுத்தார்.

நீவெஸ் காரைப் பின்னால் விட்டு, சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்து, மெல்ல மெல்ல ஏறிவந்து, கார் மூக்கு சாலையை நெற்றிக்கு நேரே பார்க்கும்படி நிறுத்தினாள். இப்போது இரண்டு பக்கமும் அவளுக்கே தெரிந்தது. இடது, வலது, மறுபடி இடது. கைப்பிரேக்கை விட்டாள். ஒரு இஞ்சுகூடப் பின்னால் நழுவாமல் வண்டி மேலேறித் திரும்பியது. டிராக்டர்காரர் ஹாரன் அடித்து வாழ்த்தினார். திட்டினாரோ என்னவோ.

"இப்படி நேரா நிறுத்திக்கிட்டா ரெண்டு பக்கமும் தெரியுது பாரேன்" என்றாள் நீவெஸ் வியப்போடு. "யாரும் சொல்லித் தரல. எனக்காத் தோணிச்சு."

பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே அர்மீதா சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. மகளுக்கும் சொல்லியிருக்கிறாள், இதே வார்த்தைகளில். சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது.

"நல்லாத் தோணியிருக்கு" என்றாள்.

கொஞ்ச தூரம் போனார்கள். அகலமான ஒரு திருப்பத்தில், மர நிழலில் நீவெஸ் காரை ஓரங்கட்டினாள். அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னத் தெரியுதா?"

"காது தெரியுது. முடி தெரியுது. நரைச்சிருக்கு, சாயம் போடறதில்லயா நீ?"

"எப்ப இருந்து?"

"உரிமம் தரமாட்டோம்னது பிப்ரவரியில. அதுக்கு முன்னாலயே கொஞ்சம் கொஞ்சமா."

"நேத்து நாள் பூரா எனக்கு அம்பது, லாரின்னு சொல்லிக்கிட்டு வந்தியே!"

"அதெல்லாம் இருக்கிற இடத்துலதானே இருக்கும்."

நீவெஸின் கண் கலங்கிற்று. அதை அர்மீதா பார்க்கவில்லை. ஆனால் மகள் கையை எடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மிலானுக்கு வரமாட்டேன்" என்றாள் அவசரமாக.

"யார் உன்னக் கூப்பிட்டா? என் வீட்ல இருக்கறது ஒரு கட்டில். நீ குறட்டை விடுவ."

"அப்ப என்ன பண்றது?"

"தெரியாது. ரொவீகோவுக்கு நான் வந்து வந்து போவேனோ என்னமோ. ஊருக்குப் போய் யோசிப்போம். ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

அர்மீதா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள். "பாத்துச் சொல்றதுக்குத்தான் நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். பாக்க முடியலன்னா இங்க உக்காந்து என்ன பண்றது? மூட்டை மாதிரியா?"

"மூட்டை மாதிரிதான். எல்லாரும் எப்படிப் போறாங்க? உக்காந்து, தின்னுக்கிட்டு, பாட்டுக் கேட்டுக்கிட்டு. நீ ஒரு தடவையாவது வண்டியில சும்மா போயிருக்கியா?"

அர்மீதா யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்தன்று மாதா கோயிலிலிருந்து திரும்பும்போதுகூட, மாமனாரிடம் கியரை மாற்றச் சொன்னது ஞாபகம் வந்தது.

"இல்ல" என்று ஒப்புக்கொண்டாள்.

நீவெஸ் அவள் காலின்மேல் இருந்த கைப்பையை எடுத்துப் பின்னால் போட்டாள். இருக்கையை ஒரு நெம்பு நெம்பிச் சாய்த்தாள். தன் மேல்சட்டையைக் கழற்றி அம்மாவின் கழுத்துக்கு அண்டக் கொடுத்தாள். கார் நிழலிலிருந்து வெளியே வந்தது. வெயில் அர்மீதாவின் மடியில் வந்து உட்கார்ந்தது, பூனை மாதிரி. சாலை இறங்கியது, ஏறியது. மகள் கியர் மாற்றுவதைக் காதால் கேட்டாள். கொஞ்சம் தாமதமாகத்தான் மாற்றுகிறாள். மாற்றட்டும்.

"நீவெஸ்."

"ம்?"

"ஒண்ணுமில்ல."

வலது கால் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. முன்னால் ஒரு வளைவு வருகிறது என்று வண்டி வேகம் குறைந்ததில் தெரிந்தது. அது இடப்பக்கம் திரும்புகிறதா, வலப்பக்கமா என்பது தெரிவதற்குள் அர்மீதா தூங்கிப்போனாள்.