இடக்கையால் கொடுத்த ரொட்டி

கனகவல்லி அக்கா தினமும் காலையில் எனக்குக் கோப்பி வாங்கி வருவார். லண்டனில் இந்த அருங்காட்சியகத்தில் பதினோரு வருடமாகக் காவலுக்கு நிற்கிறேன்; வேறு எந்த அதிகாரியும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அவருடைய வலக்கையில் போன் இருக்கும். கோப்பி இடக்கையால் வரும், முகம் வேறெங்கோ இருக்கும். தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு இது தெரியாதா என்று எனக்குச் சுர்ரென்று ஏறும். பேசாமல் வாங்கிக் குடிப்பேன்.

அந்த வியாழக்கிழமை அவர் பதறிப்போயிருந்தார். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய அச்சுப் படங்களின் கண்காட்சி மறுநாள் தொடங்க இருந்தது. அவருடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. தொடக்க நாளில் அவர் பேசும் பேச்சைக் கேட்டுத்தான் மேலதிகாரிகள் அதை நீட்டிப்பார்கள். ஆளில்லாத கூடத்தில் என்னை நிறுத்தி ஒத்திகை பார்த்தார்.

அவர் முதலில் காட்டிய படத்தில் ஒரு பணக்காரன் வாசலில் நின்று பிச்சைக்காரனுக்கு ரொட்டி கொடுக்கிறான்.

“இது ஈகையைப் போற்றுற படம்,” என்றார்.

“இடக்கையாலை குடுக்கிறானே அக்கா. இதென்ன ஈகை?”

அவர் சிரித்துவிட்டார். “செப்புத் தகட்டுல செதுக்கி, மை பூசி அழுத்தினா தாள்ல எல்லாமே இடம் வலம் மாறித்தான் விழும், அஜந்தா. தகட்டுல அது வலக்கையாத்தான் இருந்திருக்கும்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. தெரியாத விஷயத்தில் ஏன் மூக்கை நுழைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் விட மனமில்லை. ஷிப்ட் முடியும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாலையில் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது மறித்தேன்.

“பின்னாலை நிக்கிற பாதிரியாரைப் பாருங்கோ. வலக்கையாலைதான் ஆசீர்வதிக்கிறார். சேவகன்ரை வாள் இடப்பக்கம்தான் தொங்குது. எல்லாரும் சரியா நிக்கினம், இந்தப் பணக்காரன் மட்டும் எப்பிடி மாறினவன்? இவன்ரை வலக்கை குதிரையிலை போற பிரபுவுக்குத் தொப்பியைத் தூக்குது. முகமும் அங்கைதான்.”

அவர் படத்துக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார். “மாறி விழும்னு தெரிஞ்சேதான் செதுக்கியிருக்கான். இது பாராட்டு இல்ல, சரியான நக்கல்!” கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பேச்சை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்.

மறுநாள் பேச்சின் நடுவே, “இதைக் கண்டுபிடித்தது நானில்லை, அதோ நிற்கும் அஜந்தா,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். கூடம் முழுக்க என் மூலைக்குத் திரும்பியது. பதினோரு வருடத்தில் அந்த மூலையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய ஒப்பந்தமும் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்தேன்.

“எங்க யார் கண்ணுலயும் படாதது உங்களுக்கு எப்படிப் பட்டுச்சு?” என்று பேச்சு முடிந்த அன்றே அவர் கேட்டிருந்தார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, காதில் போனோடு கோப்பி கொண்டுவந்தார். இடக்கை பாதி நீண்டு நின்றது. என்னையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பியை மேசையில் வைத்தார். “அப்புறம் பேசறேன்,” என்று போனைப் பைக்குள் போட்டார். பிறகு கோப்பியை எடுத்து, என் முகத்தைப் பார்த்து, வலக்கையால் தந்தார்.

நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.